இடப்பக்கம்

புஜைராவிலிருந்து ஐந்தரைக்கே கிளம்பிவிட்டோம்.
ஷைனியின் பழைய சன்னி,
ஏ.சி. பாதி வழியில் இருமும்.
முன்னிருக்கையில் மரிதெஸ், மடியில் பான்சிட் டப்பா.
மலையைக் குடைந்த ஒவ்வொரு சுரங்கப் பாதையிலும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு
ஓர் ஆசை நினைக்கச் சொன்னாள்.
என் மகள் அன்ஸ்லின் நினைத்தாள்.
நான் மூச்சை மட்டும் பிடித்தேன்.

“பதினாலு வருஷமா கல்ஃபுல கிடக்கா,
துபாய் பாக்காத ஒரே ஆளு”
ஷைனி என்னைச் சொல்லிச் சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
அந்தப் பொய்யை நான் சொன்னதில்லை.
அவர்களாகவே வைத்துக்கொண்டார்கள்,
நான் எடுத்துப் போடவில்லை, அவ்வளவுதான்.

விசிட் விசா. கல்லூரி திறக்க இன்னும் பதினெட்டு நாள்.
விமான நிலையத்தில்
என்னைவிட நாலு விரல் உயரமாக வந்து நின்றாள்.
அளவு கேட்காமல் வாங்கி வைத்திருந்த செருப்பை
ஒன்றும் சொல்லாமல்
குதிகால் வெளியே நிற்கப் போட்டுக்கொண்டாள்.
இன்றைக்கும் அதேதான்.

மாலில் மீன்தொட்டியைக்
காசு கேட்காத பக்கத்தில் நின்று பார்த்தோம்.
திருக்கை ஒன்று வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு
கண்ணாடியில் ஏறியது.
“எம்மா, இது குளச்சல்ல கிலோ என்ன வெல?”
பக்கத்திலிருந்த குழந்தை
தள்ளுவண்டியில் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச்
சிரித்தோம்.

கோபுரத்துக்கு டிக்கெட்.
திர்ஹத்தை ரூபாயாக்கும் கணக்கு
என் தலைக்குள் தானாக ஓடும்.
அன்று அதன் வாயைப் பொத்தினேன்.
லிஃப்டில் காது அடைத்தது.
மரிதெஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்,
பயம் அவளுக்கா எனக்கா தெரியவில்லை.

மேலே வந்ததும்
எல்லோரும் கடல் எங்கே என்று தேடினார்கள்.
நான் எதிர்ப் பக்கம் போனேன்.
நெடுஞ்சாலைக்கு அப்பால்
சாம்பல் நிறக் கட்டடம்,
மொட்டைமாடித் தொட்டியில் பச்சைப் பட்டை.
ஜன்னல் தெரியவில்லை.
தெரிந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கே இரண்டு வருடம் இஸ்திரி போட்டேன்.
பாஸ்போர்ட் அவர்கள் அலமாரியில்.
குப்பை அறை வரை தனியாகப் போகலாம்,
முக்குக் கடைக்கு மேடத்தின் பின்னால்.
சமையலறை ஜன்னல் முழுக்க
இந்தக் கோபுரம்தான் வளர்ந்தது,
வாரத்துக்கு ஒரு மாடி மாதிரி.
ராத்திரி கிரேனில் சிவப்பு விளக்கு.
காலண்டர் இல்லாத வீட்டில்
உன்னை நான் மாடிக் கணக்கில் வளர்த்தேன்.
பல் முளைத்தது என்று ஃபோன் வந்தபோது நாற்பத்தொன்று.
நீ நடந்தபோது அறுபது.
சட்டைக் கையில் ஒரு மடிப்பு தவறிப்போனது,
அதற்கு வாங்கியதும் அன்றைக்குத்தான்.

“அங்க என்னத்தப் பாக்க?”
“ஒண்ணுமில்ல மக்களே. வெயிலு.”

பிறகு தண்ணீர் ஆடியது, விளக்கு ஆடியது.
ஷைனி எடுத்த எல்லாப் படத்திலும்
யாரோ ஒரு முழங்கை.

திரும்பும் வழியில் மரிதெஸ் தூங்கிவிட்டாள்.
ரேடியோவில் மலையாளம்.
பின்னிருக்கையில் அன்ஸ்லின்
என் தோளுக்குள் சொல்வதுபோலச் சொன்னாள்:
“காலைல, ஃபோன்ல வழி சொல்லுகவ
வாயத் தொறக்குமுன்ன
நீ எடப்பக்கம்னு சொன்ன.”

நான் பேசவில்லை.
“ரெண்டு தடவ சொன்ன.”

சுரங்கப் பாதை வந்தது.
அவள் மூச்சைப் பிடிக்கவில்லை,
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
மஞ்சள் விளக்கு அவள் முகத்தில்
வந்து போய் வந்து போய்.

வெளியே வந்ததும் சொன்னேன்:
“அம்பத்தஞ்சு.”
“என்னது?”
“நீ மொதமொத ஃபோன்ல அம்மான்னு சொன்னப்போ
அது அம்பத்தஞ்சு மாடி.”

ஷைனி ஏ.சி.யை ஒரு தட்டு தட்டினாள். இருமிவிட்டு ஓடியது.
அன்ஸ்லின் செருப்பைக் கழற்றிவிட்டு
காலை மேலே மடக்கி உட்கார்ந்தாள்.

“ஒண்ணாம் மாடியில இருந்து சொல்லு.”

“நான் வந்தப்பவே முப்பத்திமூணு, மக்களே.”

“செரி. அங்கருந்து.”